சீட்டில் எழுதிய விலை

ஜனவரி 5, ஞாயிறு

புது வருஷம், புது நோட்டு; பழைய நோட்டுகளைப் போலவே இது எதற்கு என்று முதலிலேயே எழுதிவிடுகிறேன். சந்தையில் நான் வாங்கும் பழம்பொருள்களின் உண்மை விலைக்கு ஓர் இடம் வேண்டும். ஒவ்வொரு பொருளின் அடியிலும் நான் ஒட்டுகிற சீட்டில் இருப்பது வீட்டுக்கான விலை. வாட்ஸப் குழுவில் போடுவதும் அதே விலைதான், இல்லாவிட்டால் எங்காவது ஒருநாள் உதைக்கும். உண்மை இங்கே மட்டும். நோட்டு என் மூக்குக்கண்ணாடிக் கடையின் மேசை இழுப்பறையில், பழைய பவர் சீட்டுகளுக்கு அடியில் கிடக்கும். என் மனைவி அரசி கடைப்பக்கம் வருவதில்லை.

இன்று காந்தி வீதி ஞாயிறு சந்தையில் வாங்கியது: நான்கு அடுக்கு எனாமல் டிபன் கேரியர், நீலப் பூப் போட்டது, ஓர் அடுக்கில் மட்டும் சில்லு பெயர்ந்திருக்கிறது. சீட்டில் 250. இங்கே 1,400.

அரசி அதைத் திருப்பிச் சீட்டைப் பார்த்தாள். "இருநூத்தம்பதா? பரவால்லியே" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். கல்யாணமாகி முப்பத்தொரு வருஷம், ஒரு சீட்டைக்கூட அவள் மறுத்துப் பேசியதில்லை. சாப்பிடும்போது இடது பக்கமாகவே மென்றுகொண்டிருந்தாள். வலது கடைவாய்ப் பல்லுக்கு வேர் சிகிச்சை செய்து தொப்பி போட வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். பொங்கல் போகட்டும் என்றேன்.

இனி முக்கியமான விஷயம். எங்கள் குழுவுக்குப் பெயர் 'ஞாயிறு வேட்டை'. விழுப்புரத்திலிருந்து நாகப்பட்டினம் வரை நாற்பத்தொரு பேர். ஞாயிறு மாலை ஆறு மணிக்கு அவரவர் அன்றைக்குச் சந்தையிலோ காயலான்கடையிலோ மலிவாக அடித்ததைப் போட வேண்டும். ஒரு படம், பொருளின் பெயர், விலை. வேறு ஒரு சொல் கூடாது, அதுதான் எங்கள் ஒழுங்கு. சிறந்த வேட்டைக்கு எல்லோரும் கிரீடம் வைப்பார்கள். போன வருஷம் பதினேழு கிரீடம் எனக்கு.

இன்று கிரீடம் கடலூர் தேவசகாயத்துக்கு. ஆறு வருஷமாகக் குழுவில் இருக்கிற ஆசாமி. ஒரு நாளும் எதையும் போட்டதில்லை, எல்லாவற்றையும் படிப்பார், அவ்வளவுதான். யாரும் அவரை நேரில் பார்த்ததில்லை. அவர் இன்று போட்டது: "சுவர்க் கடிகாரம். 350 ரூபாய்."

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். தேக்குப் பெட்டி, பித்தளைப் பெண்டுலம், பீங்கான் முகப்பு. முந்நூற்றைம்பது ரூபாய்க்கு அதன் சாவிகூடக் கிடைக்காது.

ஜனவரி 6

முந்நூற்றைம்பதாம்!

ஜனவரி 12, ஞாயிறு

நாளை போகி. ஜனங்கள் வீட்டைக் காலி செய்து பழசைத் தூக்கி எறியும் வாரம், எங்களுக்கெல்லாம் இதுதான் தீபாவளி. ஐந்தரை மணிக்கே சந்தைக்குப் போய்விட்டேன். வேட்டை ஒன்றும் சரியாக இல்லை. ஒரு மைக்கூடு, பித்தளை. சீட்டில் 80. இங்கே 600.

மாலை தேவசகாயம் மறுபடியும். "ஊறுகாய் ஜாடி, மூடியுடன். 60 ரூபாய்." வெள்ளையும் காவியும் கலந்த பெரிய சீமை ஜாடி. மூடியுடன் முழுசாக ஒரு ஜாடியை நான் பார்த்தே பத்து வருஷம் இருக்கும். குழுத் தலைவர் ரங்கராஜுலு, ரிட்டையரான பேங்க் மேனேஜர், சாதாரணமாக யாரையும் பாராட்டாதவர், "பலே" என்று எழுதினார். என் மைக்கூட்டுக்கு மூன்று கைத்தட்டல்.

பொறாமை என்று யாராவது சொன்னால் சொல்லட்டும். எனக்குத் தெரிந்து இரண்டே வழிதான் உண்டு. ஒன்று, விலை பொய். இல்லை, பொருள் திருட்டு. விலையைக் குறைத்துச் சொல்கிறவர்களை எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் பாதி, கால்வாசி என்று குறைப்பார்கள். இப்படி ஒரேயடியாகக் குறைக்க எந்த மனுஷனுக்கும் தைரியம் வராது.

ஜனவரி 14, பொங்கல்

வெண்பொங்கல், சர்க்கரைப் பொங்கல் இரண்டும் நன்றாக வந்திருந்தன. அரசி கரும்பு கடிக்கவில்லை, பல். அவள் பங்கையும் நானே தின்றேன்.

ஜனவரி 19, ஞாயிறு

"கிராமபோன், கைப்பிடியுடன். 900 ரூபாய்."

இந்தத் தடவை நான் சும்மா விடவில்லை. மூன்று படங்களையும் கடைக்குக் கொண்டுபோய் லென்ஸ் வைத்துப் பார்த்தேன். மூன்றிலும் அதே சிவப்புத் தரை, அதே விரிசல். அதுகூடப் பரவாயில்லை, அவர் வீடாக இருக்கலாம். ஆனால் கடிகாரப் படத்தில் ஒன்று கவனித்தேன். கடிகாரம் ஆணியில் கொஞ்சம் சாய்ந்து தொங்குகிறது. அதன் ஓரத்தில் சுவர் வெளுக்காமல் புது நீலமாக இருக்கிறது. மற்ற இடமெல்லாம் மங்கல். அதாவது, அந்தக் கடிகாரம் அந்தச் சுவரில் வருஷக் கணக்காகத் தொங்கியிருக்கிறது. படம் போட்ட அந்த ஞாயிறு வாங்கி மாட்டியது இல்லை.

ஆக, யாரோ ஒருவரின் பூட்டிய வீட்டுக்குள் போய்ப் படம் எடுக்கிறான். பிரெஞ்சுக்காரர் காலத்து வீடுகள் எத்தனையோ ஆளில்லாமல் கிடக்கின்றன. வாட்ச்மேனைக் கையில் போட்டுக்கொண்டால் போதும்.

குழுவில் எழுதினேன்: "தேவசகாயம் அவர்கள் இவற்றை எங்கே வாங்கினார் என்று சொல்ல முடியுமா? நம் குழுவின் பெயர் கெடக் கூடாது."

கால் மணி நேரம் கழித்துப் பதில் வந்தது: "வீட்டில்தான் இருக்கிறது. வந்து பார்க்கலாம்." கீழே கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு முகவரி.

"என்ன திமிர் பார்த்தீர்களா" என்று ரங்கராஜுலு எனக்குத் தனியாக அனுப்பினார். குழுவின் சார்பில் நான் நேரில் போய் விசாரிப்பதாகச் சொல்லியிருக்கிறேன். நான் சொல்லும்வரை யாரும் போக வேண்டாம் என்றும் சொல்லியிருக்கிறேன்.

ஜனவரி 22, புதன்

கடையை அரை நாள் சாத்திவிட்டுக் கடலூர் பஸ் ஏறினேன்.

ஓட்டு வீடு. அறுபது வயதுக்குக் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும் ஓர் அம்மாள் கதவைத் திறந்தார். "தேவசகாயம் சார் இருக்காருங்களா?" என்றேன், போலீஸ்காரன் குரலில்.

"அவரு தவறிப்போயி நாலு மாசம் ஆவுதுங்களே. குரூப்புல யாருக்கும் தெரியாதா?"

பெயர் பிலோமினா. அவர் மனைவி. காப்பி கொடுத்தார். கூடம் முழுக்கப் பொருள்கள், அறுபது எழுபது இருக்கும். எங்கே உட்காருவது என்று தெரியாமல் ஒரு சந்தன மரப் பெட்டிக்கும் இரண்டு மேசை விளக்குக்கும் நடுவில் உட்கார்ந்தேன். பதிவு போட்டது யார் என்று கேட்டேன்.

"நான்தான். அவரு ஃபோனுல பார்த்தேன், ஞாயித்துக்கெழம ஆனா எல்லாரும் படத்தப் போட்டு, பேரப் போட்டு, வெலயப் போடுறாங்க. விக்கிறதுக்குன்னு நெனச்சேன். நானும் போட்டேன். என்னாங்க உங்க குரூப்பு? எல்லாரும் கை தட்டுறாங்க, கிரீடம் வெக்கிறாங்க, ஒருத்தரும் வாங்க வர மாட்டேங்குறாங்க."

சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். மூன்று வாரமாக நாற்பது பேரும் கடை விரித்த ஒரு பொம்பளைக்கு முன்னால் நின்று கைதட்டிக்கொண்டிருந்திருக்கிறோம்.

இந்த விலையெல்லாம் எப்படிப் போட்டீர்கள் என்றேன். அந்த அம்மாள் ஜாடியைச் சாய்த்து அடியைக் காட்டினார். ஒரு சீட்டு. தேதி, 60 ரூபாய். கிராமபோனின் அடியில் ஒரு சீட்டு. 900. "ஒவ்வொண்ணுலயும் ஒட்டிவெச்சிருக்காரு பாருங்க. வாங்கியாந்த அன்னிக்கே எங்கிட்ட காட்டுவாரு. இதுக்கே நான் சண்ட போடுவேன், தண்டச் செலவுன்னு."

நான் காப்பியைக் குடித்து முடித்தேன்.

வாடகை வீடு. மாதம் முடிந்ததும் காலி செய்துவிட்டுத் திருச்சியில் மகள் ஆக்னஸோடு ஒரே அறையில் இருக்கப் போகிறார். ஆக்னஸுக்கு நர்சிங் படிக்க இடம் கிடைத்ததாம், இரண்டாயிரத்துப் பதினொன்றில். "பணமில்லன்னுட்டாரு. என்ன பண்றது, இல்லாதப்ப இல்லதான? இப்ப துணிக்கடையில பில்லு போடுது." ஒன்றாம் தேதி காயலான்கடைக்காரர் வண்டியோடு வருகிறாராம். "மொத்தமா எட்டாயிரம் தரேங்குறாரு. சீட்டுல உள்ளதெல்லாம் கூட்டிப் பார்த்தேன், ஏழாயிரத்துச் சொச்சம்தான் வருது. அசலுக்கு மேலயே கெடைக்குது சார்."

புறப்படும்போது, "நீங்க எதுனா எடுத்துக்கிறீங்களா?" என்று அவரேதான் கேட்டார். நான் கேட்கவில்லை. விலையையும் நான் சொல்லவில்லை. கடிகாரத்தைப் பழைய போர்வையில் சுற்றிக் கொடுத்தார். நானூறு நீட்டினேன், ஐம்பதைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

சுவர்க் கடிகாரம். சீட்டில் 350. இங்கேயும் 350.

ஜனவரி 23

கடிகாரத்தைக் கூடத்தில் மாட்டினேன். அரசி கிராம்புத் தைலத்தைப் பஞ்சில் தொட்டுப் பல்லில் வைத்துக்கொண்டிருந்தாள், வீடெல்லாம் அந்த வாசனை. நாற்காலியில் ஏறிச் சீட்டைப் பார்த்தாள்.

"முந்நூத்தம்பதா?"

"ஆமா."

"ஏங்க, பொய் சொல்றதுக்கும் ஒரு அளவு வேணாமா?"

முப்பத்தொரு வருஷத்தில் இந்த வீட்டுக்குள் வந்ததிலேயே உண்மையான சீட்டு இது ஒன்றுதான். இதைத்தான் நம்ப மாட்டேன் என்கிறாள். மற்றதையெல்லாம் நம்பினாளா, இல்லையா? கேட்கவில்லை. கேட்டால் வேறு எங்கேயோ போய் நிற்கும்.

ஜனவரி 26, ஞாயிறு

குடியரசு தினம். சந்தை மந்தம்.

குழுவில் என்னை நெருக்குகிறார்கள். போனீர்களே, என்ன ஆயிற்று? அதில் சிதம்பரத்துக்காரர் ஒருவர், "நானும் ஒரு நடை போய்ப் பார்க்கிறேன்" என்று எழுதினார். எனக்கு அந்த ஆளின் போக்கு பிடிக்கவில்லை. ரங்கராஜுலு இரண்டு நாளாகப் பேசாமல் இருப்பதும் பிடிக்கவில்லை. இவர்களெல்லாம் அந்த அம்மாளின் வீட்டுக்குள் நுழைந்தால் என்ன ஆகும்? ஒன்றும் அறியாத மனுஷி. ஆளுக்கு ஒன்றாகச் சுருட்டிக்கொண்டு போய்விடுவார்கள்.

ஆகவே எழுதினேன்: "நேரில் பார்த்தேன். எல்லாம் புதுச் சரக்கு, பழசு மாதிரி அடித்தது. யாரும் அலைய வேண்டாம்."

அந்த அம்மாள் கண்ணில் இது படாது, ஃபோனில் ரீசார்ஜ் முடிந்துவிட்டது என்று அன்றைக்கே சொல்லியிருந்தார். முப்பத்தெட்டு பேர் நன்றி சொன்னார்கள். "வேதாசலம் அண்ணன் இருக்கும்வரை நம்மை யாரும் ஏமாற்ற முடியாது" என்று சிதம்பரத்துக்காரர். இந்த வாரக் கிரீடம் எனக்கு.

ஜனவரி 27

முப்பத்தொன்றாம் தேதிக்கு சரக்கு ஏற்ற ஒரு மினி லாரி, 'சின்ன யானை' என்பார்களே அது, பேசியிருக்கிறேன். பிலோமினா அம்மாளிடம் மொத்தமாக ஒன்பதாயிரம் கொடுத்து எடுத்துக்கொள்வதாக உத்தேசம். காயலான்கடைக்காரர் எட்டு, நான் ஒன்பது. எடைக்குப் போட்டு நசுக்காமல் பத்திரமாகவும் வைத்துக்கொள்வேன். யார் கேட்டாலும் இதில் தப்பு சொல்ல முடியாது.

அரசி பல் டாக்டரிடம் நாள் வாங்கட்டுமா என்றாள். மாசக் கடைசியில் ஒரு செலவு இருக்கிறது, அது முடியட்டும் என்றேன். சரி என்றாள்.

ஜனவரி 29

கடிகாரம் ஒரு நாளைக்குப் பத்து நிமிஷம் முந்துகிறது. காலையில் கழற்றிப் பின்பலகையைத் திறந்தேன். உள்ளே தேக்கில் பென்சிலால், சின்ன எழுத்தில்: 14.6.2011. 18,500.

தேவசகாயம் ஒட்டிய சீட்டில் உள்ள அதே கையெழுத்து. அந்த ஆளுக்கு நோட்டு இல்லை, பென்சில்.

இரண்டாயிரத்துப் பதினொன்று, ஜூன் மாதம். ஆக்னஸின் நர்சிங்குக்குப் பணம் இல்லை என்று அவர் சொன்ன வருஷம்.

கடைக்குப் போகவில்லை. அரசி கோயிலுக்குப் போயிருந்த நேரத்தில் எங்கள் வீட்டில் உள்ள சீட்டுகளை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தேன், அந்த அம்மாள் செய்த மாதிரியே. கூட்டினால் இருபத்துமூவாயிரம் வந்தது. இந்த நோட்டிலும் இதற்கு முந்தைய நோட்டுகளிலும் உள்ளதைக் கூட்ட ஆரம்பித்து, மூன்று லட்சத்தில் நிறுத்திவிட்டேன். நாளைக்கே எனக்கு ஒன்று ஆனால், அரசி இந்தச் சீட்டுகளை வைத்துக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்திருப்பாள். காயலான்கடைக்காரர் இருபத்தைந்தாயிரம் என்பார். லாபம் என்று சந்தோஷப்படுவாள். அவருக்கு முன்னால் ஒருவன் பஸ் ஏறி வருவான். காப்பி குடிப்பான். விலையை நான் சொல்லவில்லையே என்று நோட்டில் எழுதிக்கொள்வான்.

வெட்கமாக இருக்கிறது. வேறு என்ன எழுதுவது?

ஜனவரி 30, வியாழன்

கடிகாரத்தை அதே போர்வையில் சுற்றிக்கொண்டு கடலூர் போனேன். வழியெல்லாம் ஒரு யோசனை. உண்மையைச் சொன்னால் அந்த அம்மாளுக்குப் பணம் கிடைக்கும், புருஷன் இன்னொரு தடவை போய்விடுவார். அதனால் பாதி சொல்வது என்று முடிவு செய்தேன்.

"அம்மா, இதெல்லாம் இப்ப வெல ஏறிப்போச்சு. எட்டாயிரத்துக்கெல்லாம் குடுத்துடாதீங்க. இந்தக் கடிகாரம் ஒண்ணே நாப்பதாயிரம் போவும்."

அவர் நம்பவில்லை. "முந்நூத்தம்பது ரூவா பொருளு நாப்பதாயிரம் ஆவுமா? பவுனுகூட அப்படி ஏறலியே சார்." என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "போன வாரம் இந்த வெல தெரியாதா உங்களுக்கு?"

மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் என்பார்கள். எனக்கு வழி முடிந்து அவர் கூடத்திலேயே பயம் வந்துவிட்டது. பின்பலகையைத் திறந்து காட்டினேன்.

அந்த அம்மாளுக்கு எழுத்து தெரியவில்லை, கண்ணாடி பவர் பழசு. என் லென்ஸைக் கொடுத்தேன். படித்தார். இன்னொரு தடவை படித்தார். எழுந்துபோய்க் கிராமபோனைத் தூக்கிக்கொண்டு வந்து, "தொறங்க" என்றார். உள்ளே பென்சில். 22,000. ஜாடி மூடியின் உட்பக்கம் 2,800. அவர் கொண்டுவரக் கொண்டுவர நான் திறந்துகொண்டே இருந்தேன். ஒன்பது பொருளுக்குப் பிறகு உட்கார்ந்துவிட்டார்.

"ஆக்னஸு மூணு நாள் சாப்புடல சார் அப்ப. நான்தான் அடிச்சேன். அப்பங்கிட்ட இல்லாதத கேக்கிறியேன்னு அடிச்சேன்."

அழவில்லை. லென்ஸைத் துடைத்து என்னிடம் நீட்டியபடி, "இது உள்ள எழுதியிருக்கும்னு உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?" என்றார்.

"கடிகாரம் சரியா ஓடலன்னு தொறந்தேன்."

"அது சரி. சீட்டு பொய்யின்னு மொதநாளே தெரிஞ்சுதான் போனீங்க. ஜாடிய சாச்சுக் காட்டினப்ப உங்க மூஞ்சியப் பார்த்தேன். உங்க வூட்டுலயும் இப்படித்தான் ஒட்டுவீங்களா?"

ஆமாம் என்றேன். வெளியே யாரிடமும் சொல்லாததை ஒரு கடலூர் வீட்டில், பெயரைத் தவிர என்னைப் பற்றி ஒன்றும் தெரியாத ஒரு மனுஷியிடம் சொன்னேன்.

திரும்பி வரும் பஸ்ஸிலேயே குழுவில் எழுதினேன். தேவசகாயம் இறந்துவிட்டார், போட்டது அவர் மனைவி, எல்லாம் சனிக்கிழமை அங்கேயே விற்பனைக்கு, எல்லாம் அசல். புதுச் சரக்கு என்று நான் எழுதியது பொய், மொத்தத்தையும் நானே எடுத்துக்கொள்ளத்தான் அப்படி எழுதினேன். உள்ளே பென்சிலில் இருக்கும் விலைக்குக் கீழே யாரும் கேட்கக் கூடாது.

ரங்கராஜுலு என்னைக் குழுவிலிருந்து நீக்கிவிட்டார்.

பிப்ரவரி 1, சனி

போகாமல் இருக்க முடியவில்லை. பத்தொன்பது பேர் வந்திருந்தார்கள். யாரும் என்னோடு பேசவில்லை. சிதம்பரத்துக்காரர் மட்டும், "அண்ணே, அந்த ஸ்குரூடிரைவரக் குடுங்க" என்றார். மதியத்துக்குள் கூடம் காலி. காயலான்கடைக்காரருக்குத் தகர டப்பாக்களும் இரண்டு உடைந்த நாற்காலியும்தான் மிஞ்சின.

கடிகாரத்துக்கு ரங்கராஜுலு நாற்பத்திரண்டாயிரம் வரை போனார். பிலோமினா அம்மாள் தரவில்லை. போர்வையில் சுற்றித் தன் பெட்டியோடு சேர்த்து வைத்துக்கொண்டார்.

"இது ஆக்னஸு வூட்டுக்கு. என்னா வெலன்னு அதுக்குத் தெரியணும்."

பிப்ரவரி 2, ஞாயிறு

எட்டு வருஷத்தில் முதல் தடவையாகச் சந்தைக்குப் போகாத ஞாயிறு. சீட்டுகளை உரித்துவிட்டுப் புதிதாக ஒட்டலாம் என்று உட்கார்ந்தேன். பழைய பசை, வர மாட்டேன் என்கிறது. அதனால் வேறு ஒன்று யோசித்திருக்கிறேன். இழுப்பறையில் உள்ள நோட்டுகள் எல்லாவற்றையும் அரசியிடமே கொடுத்துவிடப் போகிறேன். கடைசியாக இதையும். அவள் திட்டட்டும். இரண்டு நாள் பேசாமல் இருக்கட்டும். அந்தக் கூடத்தில் லென்ஸோடு உட்கார்ந்திருக்கிற நிலைமை மட்டும் அவளுக்கு வர வேண்டாம்.

டிபன் கேரியரையும் மைக்கூட்டையும் விற்றுவிடுகிறேன். பல் விஷயத்தையும் இந்த வாரமே முடித்துவிடலாம்.

இவ்வளவு லேசாக மனசு இருந்து வெகு நாளாகிறது.

பிப்ரவரி 3

அரசி எழுதுவது.

எல்லா நோட்டையும் படித்துவிட்டேன். டிபன் கேரியர் ஆயிரத்து நானூறு என்று இருக்கிறது. நான் இரண்டாயிரம் இருக்கும் என்று நினைத்திருந்தேன். மற்றதும் அப்படித்தான். சீட்டை நான் எந்தக் காலத்திலும் நம்பியதில்லை, அதனால் நீங்கள் பயப்பட்ட மாதிரி ஒன்றும் ஆகியிருக்காது.

இந்த நோட்டில் ஐந்து இடத்தில் என் பல் வருகிறது. வலிக்கிறதா என்று கேட்டதாக ஓர் இடத்திலும் இல்லை.